உண்டியலில் போட்ட இடுப்பு

என் பெண்டாட்டி அம்சவேணியின் இடுப்பிலிருந்து அறுத்து எடுத்த இரும்பை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வேலூர் டாக்டர் அவள் கட்டில் பக்கத்தில் வைத்தார். "பத்திரமா வெச்சுக்கோங்கம்மா. உங்க பக்கம் பேசறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு" என்றார். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு உருண்டை, அதிலிருந்து ஒரு நீட்டு முள், பக்கத்தில் ஒரு கிண்ணம். உருண்டை கிண்ணத்துக்குள் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டுமாம். இவளுக்கு அது சுற்றவில்லை, அரைத்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் புல்லுக்கட்டோடு வரப்பில் சறுக்கி விழுந்தாள். திருப்பதியில் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில் இடுப்பு மாற்றினார்கள். ஒரு வருஷம் நன்றாக நடந்தாள். அப்புறம் எட்டு வைக்கும்போதெல்லாம் உள்ளே கிறீச் என்று சத்தம் வந்தது. வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் வயசு என்றார்கள், எடை என்றார்கள். நானும் அவர்கள் பக்கம்தான் பேசினேன். "மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொன்னா மட்டும் உனுக்கு இடுப்பு நோவுது" என்று மாங்காய் பறிக்க வந்த ஆட்கள் எதிரில் சொன்னேன். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் வேண்டுமென்றே செய்வது மாதிரி.

வேலூரில் திறந்து பார்த்தபோது இரும்புத் தூள் சதையில் இறங்கிக் கறுத்துப் போயிருந்தது. அந்த மாதிரி இடுப்பையே கம்பெனி வெளிநாட்டில் திரும்ப வாங்கிக்கொண்டதாம். எங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறு இடுப்பு வைத்தார்கள். ஆனால் கால் இரண்டு விரல்கடை குட்டையாகிவிட்டது. நாலுகால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள்.

அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனபோது வெளியே நின்று ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டேன், உயிரோடு வந்தால் கால் செய்து போடுகிறேன் என்று. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கண் நோவு என்றால் வெள்ளியில் கண், கால் நோவு என்றால் வெள்ளியில் கால் வாங்கி உண்டியலில் போடுவோம்.

சத்தியவேட்டுப் பக்கம் கம்பெனியில் வேலை செய்யும் என் மகள் ஸ்ரீதேவிதான் எங்கேயோ விசாரித்து எங்களைச் சித்தூர் கோர்ட்டுக்கு அனுப்பினாள். அங்கே இலவச சட்ட உதவி ஆபீசில் யதுகிரி என்று ஒரு வக்கீலம்மாவைக் காட்டினார்கள். திருப்பதி ஐயங்கார் வீட்டுப் பெண், முப்பது வயசு இருக்கும்.

"காசு இல்லாமயா?" என்று கேட்டேன்.

"ஆமாம் ஐயா. எனக்குக் கவர்மென்ட் கொடுக்கும்."

"அப்ப நீ கவர்மென்ட் ஆளு."

"இல்லை, உங்க ஆளு."

"தாயி, நீ இந்தாளு பேச்ச காதுல போட்டுக்காத" என்றாள் அம்சவேணி. "வூட்டு மேல காக்கா குந்தி கத்தினாகூட, எவன் அனுப்பினான்னு கேக்கற ஆளு இது."

வக்கீலம்மா சிரித்தாள். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னாள். "அடுத்த தடவை அந்த இரும்பை எடுத்துண்டு வாங்கோ. கையெழுத்து போட்டு ரசீது தரேன். கன்ஸ்யூமர் கமிஷன் மூலமா லேபுக்கு அனுப்பணும். செஞ்சதிலேயே கோளாறுன்னு லேபு சொல்லிட்டா கம்பெனி தப்பிக்க முடியாது. அது இல்லேன்னா அவா என்ன வேணாலும் சொல்லுவா."

கேஸ் ஜெயித்தால் அம்சவேணிக்கு இனிமேல் ஆகும் வைத்தியம் முழுக்கக் கம்பெனி தலையில். தோற்றால் என் தலையில். அதுவும் எனக்குப் புரிந்தது. ஆனால் ரசீது என்ற சொல் என் காதில் வேறு மாதிரி விழுந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் வரப்புத் தகராறில் ஒரு வக்கீல் ரசீது கொடுத்துத்தான் என் நிலப் பத்திரத்தை வாங்கினார். பத்திரம் எதிராளி கைக்குப் போனது. ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது.

டப்பாவை அம்சவேணி தன் புடவைப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். ஒரு வாரம் யோசித்தேன். இந்த வக்கீலம்மா கம்பெனிக்காரனிடம் அதை விற்றுவிட்டால் நான் யாரைப் போய்க் கேட்பது? சாமியிடம் போட்டுவிட்டால் ஒருத்தனும் தொட முடியாது. அங்கே விழுவது ஒவ்வொன்றையும் எண்ணி எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கோர்ட்டு கேட்டால் எடுத்துக் கொடுக்க மாட்டார்களா? வேண்டுதலும் தீரும். வெள்ளிக் காலும் வாங்க வேண்டாம், இதுவே அசல் கால்தானே. மூன்று வேலையும் ஒரே பஸ்ஸில் முடிந்துவிடும் என்று எனக்கு என்னைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது.

மகளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இரும்பை மஞ்சள் துணியில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு, டப்பாவைத் திருமலை அடிவாரத்தில், அலிபிரியில், குப்பைத்தொட்டியில் போட்டேன். அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலே, சோதனை செய்கிற இடத்தில் மெஷின் கத்தியது. காவல்காரப் பையன் முடிச்சை அவிழ்க்கச் சொன்னான்.

"ஏமிடிதி, தாதா?" இது என்ன தாத்தா என்று தெலுங்கில் கேட்டான்.

"மொக்கு. நா பெண்ட்லாம் காலு" என்றேன். வேண்டுதல், என் பெண்டாட்டியின் கால்.

அவன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உடம்புக்குள் இருந்து எடுத்ததா என்று கேட்டான். ஆமாம் என்றேன். சட்டென்று என் கையில் திருப்பி வைத்து, உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, பிறகு அதே கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "போண்டி, போண்டி" என்று உள்ளே போகச் சொன்னான்.

உண்டியலில் போட்டபோது சத்தமே வரவில்லை.

ஒரு மாதம் கழித்து வக்கீலம்மா போன் செய்தாள். வீட்டில் இருக்கும் ஒரே போன் என்னுடையதுதான். 'அது எங்கள் சரக்கே இல்லை, இருந்தால் காட்டு' என்று கம்பெனி பதில் போட்டிருப்பதாகச் சொன்னாள். பஸ்ஸில் உட்கார்ந்தால் அம்சவேணிக்கு வலி. அதனால் காகிதம் கொண்டுபோவது, கொண்டுவருவது எல்லாம் நான்தான். தனியாகப் போனேன்.

"எங்கே ஐயா, கொண்டு வந்தேளா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்த்ததும், உன்னைத் திருடி என்று நினைத்து இப்படிச் செய்தேன் என்று எப்படிச் சொல்வது என்று ஆகிவிட்டது.

"அவதான்… துக்கிரிப் பொருளு, வூட்ல கெடக்கக் கூடாதுன்னு குப்பையில போட்டுட்டா."

"அம்மாவா?" பேனாவைக் கீழே வைத்தாள். "அவங்க நல்லா விவரமாத்தானே பேசினாங்க?"

"படிப்பில்லாத பொம்பளை, இன்னா பண்றது."

நானும் மூன்றாவதோடு நின்றவன்தான். அப்போது அது என் நினைவுக்கு வரவில்லை.

அவள் அதையே தெலுங்கில் டைப் அடித்து, அம்சவேணி சொல்வது மாதிரி எழுதி, கையெழுத்து வாங்கி வரும்படி கொடுத்தாள். வீட்டில் அதை அம்சவேணியிடம் நீட்டினேன். "இன்னா எழுதிக்கீது?" என்று கேட்டாள். "கோர்ட்டு சமாசாரம். போடு" என்றேன். போட்டாள். தன் பெயரை மட்டும் அவளுக்கு எழுதத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவாள். அன்றைக்கே அதைக் கொண்டுபோய்ச் சித்தூரில் கொடுத்துவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள், வக்கீலம்மா கேட்பாள் என்று டப்பாவை எடுத்து வைக்கப் போனவள், அது இல்லை என்று கண்டுகொண்டாள்.

"இந்தாயா, என் பொட்டியில இருந்த டப்பாவ பாத்தியா?"

"நான் இன்னாத்துக்கு உன் பொட்டிய பாக்கப் போறேன்?"

தேட ஆரம்பித்தாள். ஸ்டாண்டைத் தட்டித் தட்டி வீடு முழுக்கப் போனாள். புடவைகளை ஒவ்வொன்றாக உதறினாள். அரிசி டிரம்மில் முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினாள். மாட்டுக் கொட்டாயில் தவிட்டு மூட்டையைக் கொட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு வெங்கடம்மாவைக் கூப்பிட்டுப் பரண் மேல் ஏறிப் பார்க்கச் சொன்னாள்.

"நகைய தொலைச்சவள பாத்துக்கீறேன், புருசன தொலைச்சவள பாத்துக்கீறேன்" என்றாள் வெங்கடம்மா பரண் மேலிருந்து. "இடுப்ப தொலைச்சிட்டு தேடறவ நீ ஒருத்திதான்டி."

"புருசன் தொலைஞ்சிருந்தா இவ்ளோ தேடுவனா?" என்றாள் இவள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அம்சவேணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு நாள் தேடினாள். எட்டாம் நாள் என் கட்டிலுக்கு அடியில் இருந்த பழைய டிரங்குப் பெட்டியை இழுக்கக் குனிந்தவள் அப்படியே தரையில் சாய்ந்தாள். எழ முடியவில்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"இடுப்போட சேத்து என் மூளையையும் எடுத்துட்டாங்க போலகீது. எங்க வெச்சேன்னே ஞாபகம் வரல. என்னால உன் கேசும் பூடுச்சி."

உன் கேசு என்றாள். அவளுடைய இடுப்பு, அவளுடைய வலி, என்னுடைய கேஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் திருப்பதிக்கு ஓடினேன். தேவஸ்தானம் ஆபீசில் வரிசையில் நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் தெலுங்கில் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. இரண்டு தடவை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குப் பின்னால் நின்ற தமிழ் ஆள் ஒருத்தன், "பெரிசு பெண்டாட்டி இடுப்ப உண்டியல்ல போட்டுட்டு திருப்பிக் கேக்குது" என்று பக்கத்தில் இருந்தவனுக்கு விளக்கினான். ஆபீஸ்காரர் சிரிக்கவில்லை. சாமிக்குப் போட்டது சாமியுடையது, அதைக் கையில் எடுத்துக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை, கோர்ட்டு எழுதிக் கேட்டால் மேலே அனுப்பி வைப்பதாகச் சொன்னார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

அங்கிருந்தே சித்தூருக்குப் பஸ் ஏறினேன். வக்கீலம்மாவிடம் சொன்னேன்.

"என்ன பண்ணேள்?" என்றாள். திரும்பச் சொன்னேன்.

பைலை மூடி வைத்தாள். "எங்கப்பா நாப்பது வருஷமா அந்தக் கோயில்ல பிரபந்தம் சேவிக்கிறவர். வெள்ளிக் கால், தங்கக் கண்ணுன்னு என்னென்னமோ சொல்லிக் கேட்டிருக்கேன். இது மாதிரி கேட்டதில்லை." பிறகு கேட்டாள்: "ஏன் ஐயா?"

"வேண்டுதலு."

"அது மட்டும்தானா?"

"அது மட்டும்தான்" என்றேன்.

"சரி. ஆனா அவங்க குப்பையில போட்டதா நான் எழுதிக் கொடுத்தாச்சு. சாட்சியை அவளே அழிச்சுட்டான்னு கம்பெனி வக்கீல் அதையே பிடிச்சுண்டு இருக்கார். நடந்ததை நடந்தபடி புதுசா எழுதித் தரேன். ஆத்துல போய் அம்மாகிட்ட முதல்ல வாயால சொல்லுங்கோ. அப்புறம் கையெழுத்து வாங்கிண்டு வாங்கோ. அவங்களுக்குத் தெரியாம எதுவும் கூடாது."

அந்தக் காகிதம் பதினோரு நாள் என் சட்டைப் பையில் இருந்தது. ஒவ்வொரு வேளையும் இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று உட்காருவேன். களியும் கீரையும் போட்டு வைத்துவிட்டு, "இன்னா, துன்னாம என் மூஞ்சியே பாத்துக்கினு கீற?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்று குனிந்து தின்பேன். விசாரணைக்கு முந்தின நாள் வக்கீலம்மா போன் செய்தபோது, "சொல்லிட்டேன், கையெழுத்தும் ஆச்சி" என்றேன். யாரையும் நம்பாதவன் நான். அவள் என்னை நம்பினாள்.

விசாரணை அன்றைக்குப் பாலசமுத்திரத்தில் பஸ் பஞ்சராகி நேரமாகிவிட்டது. நாங்கள் போய்ச் சேரும்போதே எங்கள் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வக்கீலம்மா புதுக் காகிதத்துக்குக் கை நீட்டினாள். "வூட்லயே மறந்துட்டேன்" என்றேன். அவள் ஏதோ சொல்ல வருவதற்குள் அம்சவேணியை முன்னால் கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள்.

கம்பெனி வக்கீல் ஐதராபாத்துக்காரர். பழைய காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, இது உன் கையெழுத்தா என்று தெலுங்கில் கேட்டார். "ஆமா" என்றாள். அதில் இருந்ததை நிறுத்தி நிறுத்திப் படித்தார். 'துக்கிரிப் பொருள் என்று நானே குப்பையில் போட்டுவிட்டேன்.'

"குப்பையிலயா?" என்றாள் அம்சவேணி. "நான் எப்ப குப்பையில போட்டேன்? அது தொலைஞ்சி பூடுச்சி. எட்டு நாளு தேடினேன்."

"அப்படியானால் இந்தக் கையெழுத்து பொய்யா? இல்லை, இப்போது பேசுவது பொய்யா?"

அவள் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு வக்கீலம்மாவைப் பார்த்தாள். வக்கீலம்மா என்னைப் பார்த்தாள். கடைசியில் அம்சவேணியும் என் பக்கம் திரும்பினாள். "நான் தொலைச்சது நெசம், சாமி" என்றாள் ஜட்ஜிடம், மெதுவாக. "எம்மேலதான் தப்பு."

என்னை யாரும் கூப்பிடவில்லை. எழுந்தேன். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. "அவ தொலைக்கல. நான்தான் எடுத்துக்கினு போயி திருமலை உண்டியல்ல போட்டேன்" என்று கத்தினேன். பின் பெஞ்சியில் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் கையைக் காட்டி அடக்கிவிட்டு, என்னை முன்னால் வரச் சொல்லிச் சத்தியம் வாங்கினார்.

"குப்பை என்று எழுதச் சொன்னது யார்?"

"நான்தான்."

"எதற்கு உண்டியலில் போட்டாய்?"

"மொக்கு, சாமி."

"வக்கீல் கேட்டிருக்கிறார் என்று தெரிந்துமா?"

வக்கீலம்மா என்னிடமிருந்து இரண்டடி தூரத்தில் நின்றிருந்தாள். சத்தியம் செய்தாகிவிட்டது. "அந்தம்மா அத கம்பெனிக்காரனுக்கு வித்துடுவாங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

கம்பெனி வக்கீல்கூடக் காகிதத்தைப் புரட்டுவதை நிறுத்தினார். வக்கீலம்மா தலையைத் தூக்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டிருந்தவள், அந்த வரியை முழுசாக எழுதி முடித்தாள். பிறகு நிமிர்ந்து, எப்போதும் பேசும் குரலிலேயே ஜட்ஜிடம் பேசினாள். வேலூர் ஆஸ்பத்திரி அந்த இரும்பை நம்பர் தெரியும்படி எடுத்து வைத்திருந்த போட்டோ, ரத்தத்தில் உலோகம் கலந்திருப்பதாகச் சொன்ன ரிப்போர்ட்டு, எல்லாவற்றையும் எழுதி வாங்கி வைத்திருந்தாள். எனக்குத் தெரியாமல் அத்தனை அலைந்திருக்கிறாள். போட்டோவை லேபில் அறுத்துப் பார்க்க முடியுமா என்று கம்பெனி வக்கீல் கேட்டார். அது பிறகு பார்க்கலாம் என்றார் ஜட்ஜ். தேவஸ்தானத்துக்குக் கடிதம் எழுத உத்தரவு போட்டு, வேறு தேதி கொடுத்தார். கேஸ் போகவில்லை. ஆனால் இருந்த பலத்தில் பாதி போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது.

வெளியே வராந்தாவில் அம்சவேணி ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போனேன்.

"சாமிக்குப் போட்டது கூட போவட்டும்" என்றாள். "குப்பையில போட்டேன்னு சொன்னியே. என் இடுப்ப நான் குப்பையில போடுவனா?"



வக்கீலம்மா வெளியே வந்ததும் அம்சவேணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தாயி, இனிமே எந்தப் பேப்பரா இருந்தாலும் எனக்குப் படிச்சி காட்டு. பஸ்ல நானே வரேன். நோவுறது எனக்குத்தானே, வந்துட்டுப் போறேன். பொண்ண ஒரு போன் வாங்கித் தரச் சொல்றேன், அதுல பேசு. இந்தாள்கிட்ட ஒண்ணும் குடுத்து அனுப்பாத."

"சரிம்மா" என்றாள் வக்கீலம்மா. அவளிடம் கும்பிட்டு ஏதாவது சொல்ல வேண்டும் என்று கையைத் தூக்கினேன். "பார்த்துக் கூட்டிண்டு போங்கோ ஐயா, படி உசரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கேசுக்கு உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் மூன்று வாய்தா ஆகிவிட்டது. தேவஸ்தானத்திலிருந்து பதில் வந்ததா, வரவில்லையா, எனக்குத் தெரியாது. வாய்தா அன்றைக்குக் காலையில் அவள் தலை வாரிக்கொண்டு முன்னால் நடப்பாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். படி ஏறும்போது தோளைக் கொடுப்பேன். பிடித்துக்கொள்வாள். கதவு வந்ததும் விட்டுவிட்டு உள்ளே போவாள். நான் வெளியே பெஞ்சியில் உட்காருவேன்.

போன தடவை ரொம்ப நேரமாகியும் அவள் வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "உள்ள இன்னாமே ஆச்சி?" என்று கேட்டேன்.

அவள் ஜன்னல் பக்கமாகக் காலை நீட்டி வைத்துக்கொண்டாள்.

"வக்கீலம்மாவ கேளு" என்றாள்.